மருந்துக்கடையில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவர்களுக்கு: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் மருந்துக்கடைகளில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) முடித்துக் கடையில் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகிறது. முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். டாக்டர் எழுத்து புரியவில்லை, நிற்பவர்களோ அவசரப்படுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதல் மூன்று எழுத்தைப் பார்த்து ஊகித்து மட்டும் எடுக்காதீர்கள் தம்பி. மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் கிருமித் தொற்றுக்கு. அம்லோடிபின் பிரஷருக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும். கிறுக்கலில் இவை ஒன்றுபோலவே தெரியும். வந்தவரிடம் "எதற்காக டாக்டரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் மில்லிகிராமையும் எத்தனை வேளை என்பதையும் பாருங்கள். மெட்ஃபார்மின் பெரும்பாலும் 500, மெட்ரோனிடசோல் 200 அல்லது 400. வந்தவர் சொன்ன காரணமும் சீட்டில் இருக்கும் அளவும் ஒத்துவந்தால்தான் ராக்கில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டின் தலைப்பில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யுங்கள். "கொஞ்சம் உட்காருங்கம்மா, டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றதும் கோபித்துக்கொண்டு போனவர்கள் எனக்கும் உண்டு. போகட்டும்.

மெத்தோட்ரெக்சேட் வந்தால் கூடுதல் கவனம். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா பாருங்கள், அந்தக் கிழமையை அட்டை மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: சீட்டில் எழுதும் சுருக்கங்களில் ஓ.டி. (ஒரு வேளை), பி.டி. (இரண்டு வேளை) தெரிகிறது. மற்றவை?

பதில்: டி.டி.எஸ். மூன்று வேளை, கியூ.ஐ.டி. நான்கு வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின்.

கேள்வி: நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். "சர்டிபிகேட் சுவரில் மாட்டியிருக்கிறது, நீ மருந்து எடுத்துக் கொடு" என்கிறார் முதலாளி. சரியா அக்கா?

பதில்: சரியில்லைம்மா. 1948 பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர். அவர் கடையில் இருந்து மேற்பார்க்க வேண்டும், அவர் சர்டிபிகேட் மட்டும் தொங்கினால் போதாது. பில் போடுங்கள், ஸ்டாக் இறக்குங்கள், எக்ஸ்பைரி பாருங்கள். எல்லாம் நல்ல வேலைதான், நிறையக் கற்றுக்கொள்ளலாம். சீட்டு வந்தால் அவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதே இல்லை என்றால் வேறு கடை தேடுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: தவறாகக் கொடுத்துவிட்டேனோ என்று இரவில் தூக்கமே வருவதில்லை.

பதில்: எனக்கும் நடந்திருக்கிறது. முதல் வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு கைக்குழந்தைக்கு 5 மில்லி என்று எழுதிய பாராசிட்டமால் சிரப்புக்குப் பதிலாக டிராப்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டேன். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி. டிராப்ஸில் ஒரே மில்லியில் 100 மி.கி. அதை 5 மில்லி கொடுத்தால் 500 மி.கி. ஆகிவிடும், நான்கு மடங்கு! சாயங்காலம் ஸ்டாக் எண்ணும்போதுதான் தெரிந்தது. முதலாளி "விடு, ஒன்றும் ஆகாது" என்றார். என்னால் விட முடியவில்லை. கிளினிக்கில் வீட்டைக் கேட்டுக்கொண்டு ஓடினேன். பாட்டில் இன்னும் பிரிக்கவில்லை. அந்தத் தாயிடம் என் தவறு என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன். கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் சந்தேகம் வந்த நிமிடமே போன் செய்யுங்கள். மருந்து உள்ளே போயிருந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள். திட்டு விழும் என்று மறைக்க வேண்டாம். பில்லில் போன் நம்பர் வாங்கும் பழக்கத்தை நான் அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன்.

கேள்வி: சீட்டில்லாமல் அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை) கேட்டு மிரட்டுகிறார்கள்.

பதில்: அது எச்1 பட்டியல் மருந்து, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்து மேசைமேல் வைத்து "இதில் எழுதச் சீட்டு வேண்டும் அண்ணே" என்று சொல்லுங்கள். மீறினால் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். ராத்திரி நேரத்தில் தனியாக நிற்க முடியாது என்று முதலாளியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இன்சுலினில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது. உறைந்துவிட்டால் இளகினாலும் கொடுக்காதீர்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு) சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. வயலையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகே பையில் போடுங்கள்.