சைக்கிளில் போகிறவரை இடித்தால் இங்கிலாந்தில் என்ன தண்டனை?

கோத்தகிரியிலிருந்து போன மாதம் அங்குள்ள லீட்ஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்த தம்பி கேட்டிருக்கிறார்: "வேலைக்கு சைக்கிளில் போகலாமா அண்ணா? கார்க்காரர் இடித்துக் கை கால் முறிந்தால் சட்டம் என்ன செய்யும்?"

தாராளமாகப் போங்கள் தம்பி. விடுமுறைக்குக் குன்னூர் வந்திருக்கிறேன். அம்மா வீட்டு ஜன்னலுக்குக் கீழே சீசன் வண்டிகள் ஊர்கின்றன. இந்தச் சட்டமெல்லாம் அடிபட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு முன்பே தெரிய வேண்டும்.

2015 நவம்பரில், அங்கே சைக்கிளில் போன என்னை முந்திய கார் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஓட்டியவருக்கு அபராதமும் உரிமத்தில் ஐந்து தண்டப் புள்ளிகளும் மட்டுமே. அபாயகரமாக ஓட்டிப் படுகாயப்படுத்துவது 2012 முதலே தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. கவனக்குறைவால் படுகாயம் என்றால் அப்போது தனிக் குற்றமே இல்லை. என் தொடை முறிந்ததற்கும் ஒரு காரின் பம்பர் நசுங்குவதற்கும் ஒரே பிரிவுதான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2022 ஜூன் 28 முதல் கவனக்குறைவால் படுகாயப்படுத்துவதற்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. அதே நாளில்தான் அபாயகரமாக ஓட்டி உயிரைப் பறிப்பவருக்கான உச்ச தண்டனையும் 14 ஆண்டிலிருந்து ஆயுளாக உயர்ந்தது.

அபாயகரமா, கவனக்குறைவா என்பதைச் சாட்சியங்கள்தான் முடிவு செய்யும். நம் குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு வளைவில் உரசிக்கொண்டால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறோமே, அந்தப் பெருந்தன்மை அங்கே வேண்டாம். வண்டி எண்ணையும் பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணையும் வாங்குங்கள், போலீசில் பதியுங்கள். இடித்தவர் நிற்காமல் போவதே குற்றம், 6 மாதம் வரை சிறை. இழப்பீடு தனி வழக்கு. பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடர வேண்டும். ஓட்டியவர் தப்பிவிட்டாலும், காப்பீடே இல்லாதவர் என்றாலும், மோட்டார் காப்பீட்டாளர் பீரோ என்ற அமைப்பிடம் இழப்பீடு கேட்கலாம்.

நாளை நீங்களும் கார் ஓட்டுவீர்கள். நம் உரிமம் அங்கே 12 மாதம் செல்லும். ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் ஒதுங்குவார் என்ற எண்ணத்தைக் மலையடிவாரக் கல்லாறிலேயே இறக்கிவைத்துவிடுங்கள். முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடச் சொல்கிறது சாலை விதிநூல். வேகம் கூடினால் இன்னும் அதிகம். இடமில்லையா, பின்னாலேயே போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஏறிப் பழகியவர்கள்தானே நாம்.

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றியதும் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இரவில் கட்டாயம். அவை இல்லாவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். சைக்கிள் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள்.