வயலில் வைக்கோல் கொளுத்தினால் காற்றில் என்ன நடக்கிறது? – கேள்வி பதில்

காலபோக அருவிவெட்டு முடிகிற நேரம், வன்னியெங்கும் புகை. இரசாயனம் படிப்பித்தவன் என்ற வகையில் வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப்பெயரை முன்னால் போட்டு, பதில் சொல்கிறேன்.

விசுவமடு: மாஸ்ரர், பின்னேரம் கொளுத்துறம். கொஞ்ச நேரத்தில புகை போயிடுது. பிறகென்ன பிரச்சினை?

கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர, புகை முடிந்துபோவதில்லை தங்கச்சி. சுவாலையோடு எரியும்போது காபனீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், கரித்துணிக்கை. சுவாலை அடங்கிப் புகையும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, பூமியைச் சூடாக்கும் மெதேன், அமோனியா, காபன் சேர்ந்த கணக்கற்ற சேதன ஆவிகள். மறுநாள் வெயில் ஏற, நைதரசன் ஒட்சைட்டுகளும் சேதன ஆவிகளும் சேர்ந்து ஓசோனை உண்டாக்கும். வைக்கோலில் ஓசோன் கிடையாது, வெயில்தான் அதைச் சமைக்கிறது. அந்த ஓசோன் நெஞ்சையும் அரிக்கும், நெல் இலையையும் பழுதாக்கும். நைதரசன் ஒட்சைட்டின் இன்னொரு பங்கு நைத்திரிக்கமிலமாகி, அமோனியாவோடு சேர்ந்து புதிய நுண்துணிக்கையாகும்.

புதுப் புகையில் பொற்றாசியம் குளோரைட்டுத் துணிக்கைகளும் பறக்கும். கடையில் வாங்கும் எம்.ஓ.பி. பசளையும் அதே உப்புத்தான். காற்றிலுள்ள அமிலங்கள் பட்டு அது மெல்ல மெல்ல நைத்திரேற்றாகவும் சல்பேற்றாகவும் மாற, ஐதரசன் குளோரைட்டு வாயுவாக வெளியேறும். அதனால் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரும்போது, அது உங்கள் வயலில் கிளம்பியபோது இருந்த அதே புகை இல்லை.

பின்னேரம் கொளுத்தாதீர்கள். தை, மாசி இரவுகளில் நிலம் குளிர்ந்து, மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடிபோல நிற்கும். புகை எழும்பாது. பனி பட்ட வைக்கோல் சுவாலை விடாமல் இரவிரவாகப் புகையும்.

முருங்கன்: முகக்கவசம் காணுமா?

என்95 வகை துணிக்கையைத் தடுக்கும், காபனோரொட்சைட்டைத் தடுக்காது. தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நெடுங்கேணி: சாம்பல் நல்ல பசளைதானே?

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசன் இருக்கும். எரித்தால் அது கிட்டத்தட்ட முழுவதும் காற்றோடு போய்விடும். பொசுபரசில் கால்வாசியும் பொற்றாசியத்தில் ஐந்தில் ஒன்றும் போகலாம். மிச்சப் பொற்றாசியம் சாம்பலில் இருப்பது உண்மை. ஆனால் நாலு தொன் எரித்தால் ஏறக்குறைய ஓர் அந்தர் (சுமார் 50 கிலோ) யூரியாவின் நைதரசன் போச்சு. 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தபோது அந்த ஓர் அந்தருக்கு எவ்வளவு அலைந்தோம்!

பூநகரி: கொளுத்தினால் பூச்சி சாகுமா?

அது என் துறை இல்லை. விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

அக்கராயன்: 2022 மார்கழியில இந்தியாவில இருந்து வந்த புகையால பள்ளிக்கூடமே பூட்டினது. எங்கட புகையை ஏன் குறை சொல்லுறியள்?

மாண்டஸ் புயல் நேரம் அசுத்தக் காற்று கடல் கடந்து வந்தது உண்மை அண்ணை. ஆனால் பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த தாள் எரிப்பது பெரும்பாலும் ஒக்ரோபர், நவம்பரில். மார்கழியில் வந்ததில் வாகனப்புகை, ஆலைப்புகை எல்லாம் கலந்திருக்கும்.

அக்கராயன்: அப்ப எங்கட மாடுகள் செத்தது?

வடக்குக் கிழக்கில் அப்போது மாடுகள் செத்தது மழையோடு வந்த குளிரால் என்றுதான் மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தப் பழியைப் புகையில் போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்: நான் அண்ணையின்ர பக்கம். வைக்கோலின்ர காபனீரொட்சைட்டை அடுத்த போக நெல்லே எடுத்துப்போடும்.

காபனீரொட்சைட்டுக்கு அந்தக் கணக்குச் சரி. மெதேனையும் கரித்துணிக்கையையும் நெல் எடுக்காது. இந்தியப் புகை வருகிறது என்பதற்காக நம் புகை சுத்தமாகிவிடாது தம்பி. அதை முதலில் இழுப்பது வயற்கரை வீட்டுப் பிள்ளைகள்தான்.

கனகராயன்குளம்: சாம்பல் பசளை இல்லையா?

நெடுங்கேணிக்குச் சொல்லிவிட்டேன்.

முழங்காவில்: யூரியா பை, உடைஞ்ச பைப் எல்லாம் சேர்த்துப் போட்டா கெதியா எரியும்.

வேண்டாம், ஒருக்காலும் வேண்டாம். பி.வி.சி. குழாயில் நிறையக் குளோரின் இருக்கிறது. எரிந்தால் அமிலவாயுவும் டயொக்சின் என்ற நச்சுப்பொருளும் வரும். டயொக்சின் மண்ணில் படிந்து, புல்லோடு மாட்டுக்குப் போய், பாலில் சேரும்.

வவுனிக்குளம்: சாம்பல்...

மேலே பாருங்கள். பின்னேரம் கொளுத்த வேண்டாம் என்றதையும் சேர்த்து வாசியுங்கள்.

விசுவமடு: அப்ப வைக்கோலை என்ன செய்ய?

மாட்டுக்காரருக்குக் கொடுங்கள். மிச்சத்தைப் பரப்பி, நிலம் காய்ந்திருக்கும்போதே மேலாக உழுதுவிடுங்கள். தண்ணீர் கட்டிய வயலில் பச்சையாகப் புதைத்தால் அழுகி மெதேன் விடும். ஆகவே சிறுபோகத்துக்குக் குளம் திறக்க மூன்று, நாலு கிழமைக்கு முன்னரே உழவு முடியவேண்டும்.