திருத்தினா கதை செத்துப் போகுமா?

கேள்வி: கிண்ணியாப் பாதையில, அதுதான் பாலம் வர முந்தி ஆக்களை அக்கரைக்கு ஏத்தி இறக்கின மிதவையில, கச்சான் வித்த என்ட அப்பாவைப் பற்றி ஒரே இரவில ஒரு கதை எழுதினன். வாசிச்ச அக்கா ஒராள் திரும்ப எழுதச் சொல்றா. எழுதினா அந்த உணர்ச்சி போயிடும் எண்டு பயமாக் கிடக்கு. என்ன செய்ய?
- ஒரு வாசகி, சீனக்குடா

பதில்: தங்கச்சி, நீங்க சேர்த்து அனுப்பின கதையை ரெண்டு தரம் வாசிச்சன். முதல் ஒண்டரைப் பக்கம் கோணேசர் கோயில், துறைமுகம், 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தது எண்டு போகுது, எல்லாம் சரிதான், ஆனா அதுக்குள்ள அப்பா இல்ல. மூண்டாம் பக்கத்தில, பாலம் திறந்த பிறகும் அப்பா பின்னேரத்தில விறாந்தையில இருந்து பழைய கொப்பித் தாளைக் கிழிச்சுச் சரை சுத்திக்கொண்டிருந்தார், கச்சான் வறுக்கேல்ல எண்டு ஒரு வரி வருது பாருங்கோ, அதில நான் அப்பிடியே நிண்டுட்டன். உங்கட கதை அதுதான். எழுதத் தொடங்கேக்க அது உங்களுக்கே தெரிஞ்சிருக்காது, எழுதி எழுதித்தான் அந்த விறாந்தைக்கு வந்து சேந்திருக்கிறீங்க, முதல் பிரதி எழுதுறதே அதுக்குத்தான். இப்ப இடம் தெரியும் தானே, அங்கயிருந்து தொடங்குங்கோ.

உணர்ச்சி அந்தச் சரைக்குள்ள கிடக்கு, பத்துத் தரம் எழுதினாலும் எங்கயும் போகாது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1929ல வந்த 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின்ர முடிவை 39 தரம் எழுதினதா 1958ல ஒரு பேட்டியில சொன்னவர், 2012ல வந்த பதிப்பில 47 முடிவு போட்டிருக்கு. காதலி செத்தபிறகு கதாநாயகன் மழைக்க தனிய நடந்து போற கடைசி வரி இண்டைக்கும் நெஞ்சை அடைக்குது.

ரெண்டு கிழமை கதையைத் தொடாதேங்கோ. பிறகு பழைய பிரதியைப் பாக்காம முழுக்கத் திரும்ப எழுதுங்கோ, போன்ல டைப் பண்றீங்க எண்டா முதல் பிரதியை அழிக்காம வேற ஃபைலாத் தொடங்குங்கோ. பாக்காம எழுதேக்க ஞாபகத்தில வராத வரியள் பெரும்பாலும் தேவையில்லாததுதான், என்ட அனுபவத்தில துறைமுக வர்ணனை மாதிரியானதுதான் முதல்ல மறந்துபோகும். எழுதி முடிச்சு சத்தமா வாசிங்கோ, அந்தப் பாதைக்கு வெயிலுக்க காத்து நிண்ட ஆர்ட்டயும் வாசிச்சுக் காட்டினா இன்னும் நல்லம், நீங்க அவசரமா வாசிச்சுத் தாண்டிப் போற இடத்தில உங்களுக்கே நம்பிக்கை இல்ல எண்டு அர்த்தம், அதை வெட்டுங்கோ. எழுத்துப்பிழை, காற்புள்ளி எல்லாம் கடைசியாப் பாப்பம்.

அடுத்த பிரதியை எனக்கு அனுப்புங்கோ. அப்பா கிழிச்ச கொப்பி ஆற்ற எண்டு நீங்க எழுதேல்ல, உங்கட பள்ளிக்கூடக் கொப்பியோ?