219 ஆட்டம், ஒரு கோல்கூட இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்குப் பிடித்த கால்பந்து வீராங்கனை பெக்கி சவர்பிரன் என்று சென்ற இதழில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன். அமெரிக்காவுக்காக 219 ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லையே? (வாசகர், நாகர்கோவில்)

ஆமாம், ஒன்றுகூட இல்லை. அவர் ஸ்டாப்பர் பேக். எதிரணி அடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை, அதை அவரைவிட நன்றாகச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.

2015-ல் கனடாவில் நடந்த உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா ஆடியது 7 ஆட்டம், வாங்கியது 3 கோல். முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியா ஒன்று போட்டது, அப்புறம் இறுதி ஆட்டத்தில் ஜப்பான் ஒன்று போடும் வரைக்கும் நடுவில் 540 நிமிடம் யாராலும் ஒரு பந்தையும் உள்ளே தள்ள முடியவில்லை. முழுசாக ஆறு ஆட்டத்துக்குச் சமம் அது. அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூட பெக்கி வெளியே உட்காரவில்லை. இறுதி ஆட்டத்தில் கார்லி லாய்ட் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் அடித்ததை உலகமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான், ஆனால் அந்த ஆட்டம் வரைக்கும் அணியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பின்னால் நின்ற நாலு பேரும் கோல்கீப்பரும்.

பெக்கி மின்னல் வேகக்காரர் இல்லை, பெரிய உயரமும் இல்லை. அவர் பலம் கண்ணில் இருக்கிறது. எதிரணி ஃபார்வர்ட் பந்தோடு வரும்போது பாய்ந்து விழ மாட்டார். இரண்டடி தள்ளி, உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்வாங்கியே அவரை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு போவார். எங்கேயாவது ஒரு தட்டில் பந்து காலை விட்டு அரை அடி அதிகமாக விலகும் பாருங்கள், அந்த நொடியில் கால் நுனி நீளும், பந்து போய்விடும். தரையில் சறுக்கி எடுக்கிற டேக்கிளுக்குக் கைதட்டு விழும், இதற்கு விழாது. அமெரிக்க லீகில் வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை நாலு முறை வாங்கியவர் அவர்.

கேள்வி: அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் தப்பே செய்ததில்லையா? (வாசகி, கோவை)

செய்திருக்கிறார், அதுவும் உலகக் கோப்பை அரையிறுதியில். 2019, பிரான்சின் லியோன் நகரம், எதிரே இங்கிலாந்து. அமெரிக்கா 2-1 என்று முன்னால் இருக்கிறது, ஆட்டம் முடிய சில நிமிடங்களே பாக்கி. கோல் வாயில் இங்கிலாந்து ஃபார்வர்ட் எலன் வைட்டின் காலைத் தட்டிவிட்டார் பெக்கி. வீடியோ பார்த்துவிட்டு ரெஃப்ரி பெனால்டி கொடுத்தார். ஸ்டெஃப் ஹவுட்டன் அடித்தார், கோல்கீப்பர் அலிஸா நேயர் விழுந்து பிடித்தார். ஃபார்வர்ட் பத்து வாய்ப்பைக் கோட்டைவிட்டாலும் பதினொன்றாவது உள்ளே போனால் ஹீரோ. பேக் 83 நிமிடம் சரியாக ஆடி ஒரு நொடி பிசகினால் போச்சு. அன்றைக்கு நேயர் காப்பாற்றினார். ஐந்து நாள் கழித்து நெதர்லாந்தோடு இறுதி ஆட்டம், அதில் மோதி ரத்தம் வழிய, தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்து நின்றார் பெக்கி. 2-0, கோப்பை.

கேள்வி: என் மகள் கால்பந்து ஆடுகிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? அமெரிக்காவிலாவது முடிகிறதா? (ஒரு தாய், திருச்சி)

பெக்கியின் கதையையே சொல்கிறேன் அம்மா, உங்களுக்கே புரியும்.

1985-ல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். 2008 ஜனவரியில் சீனாவில், கனடாவுக்கு எதிராக, நாட்டுக்காக முதல் ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே மூக்கு உடைந்தது. அணியில் நிலையான இடம் கிடைக்க அதற்கப்புறமும் வருடங்கள் ஆயின. 2011 உலகக் கோப்பையில் பெஞ்சில் இருந்தவர், முந்தைய ஆட்டத்தில் சக பேக் ரேச்சல் பியூலருக்கு சிவப்பு அட்டை கிடைத்ததால் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் திடீரென்று இறக்கப்பட்டார். அமெரிக்கா ஜெயித்தது.

கிளப் வாழ்க்கைதான் பெரிய பாடு. வாஷிங்டன் ஃப்ரீடம் அணியில் சேர்ந்தார், அது 2011-ல் ஃபுளோரிடாவுக்குப் பெயர் மாறிப் போனது, அந்த சீசன் முடிந்ததும் அணியையே லீக் நீக்கிவிட்டது, 2012-ல் அந்த லீகும் இல்லை. புது லீகில் கன்சாஸ் சிட்டிக்குப் போய் 2014, 2015 இரண்டு வருடமும் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 2017-க்கு அப்புறம் அந்த கிளப்பும் இல்லை. அடுத்து யூட்டா. அங்கிருந்து அவர் போர்ட்லேண்டுக்குப் போன 2020-ஆம் வருடமே யூட்டாவையும் மூடினார்கள். உலக சாம்பியனுக்கே இந்த நிலைமை என்றால் மற்றவர்களை யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் ஆண்களுக்கு நிகரான சம்பளத்துக்காக அமெரிக்க அணி வீராங்கனைகள் போராடினார்கள். 2016-ல் ஐந்து பேர் அமெரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் மேல் ஊதியப் பாகுபாடு என்று புகார் கொடுத்தார்கள், பெக்கி அதில் ஒருவர். 2019-ல் 28 பேர் வழக்குப் போட்டார்கள். 2020-ல் நீதிபதி ஊதியக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார், இவர்கள் விடவில்லை. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம், மே மாதம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஊதியம் என்று ஒப்பந்தம், உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தையும் சேர்த்துப் பங்கிடுவது உட்பட. அப்போது வீராங்கனைகள் சங்கத்தின் தலைவர் பெக்கிதான். ஆடுகிற வேலைக்கு மேல் இந்த வேலை!

அதே வருடம் அக்டோபரில், லீகில் பயிற்சியாளர்கள் சிலர் வீராங்கனைகளிடம் நடந்துகொண்ட விதம் பற்றி விசாரணை அறிக்கை வந்தபோது, காக்கத் தவறிய முதலாளிகளும் நிர்வாகிகளும் போக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தன் சொந்த கிளப்பையும் அதிலிருந்து விலக்கவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே அதே போர்ட்லேண்டுக்காக லீக் பட்டமும் ஜெயித்தார். எனக்கு அவர் மேல் மரியாதை பல மடங்கு கூடியது அப்போதுதான்.

ஆக, முடியும், ஆனால் பெக்கியைப் போல பட்டப்படிப்பையும் விடாமல் முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். கோல் அடிக்க ஆசை, ஆனால் கோச் என்னை பேக்கில் போட்டுவிட்டார். அழுகையாக வருகிறது. (மாணவி, தேனி)

அழுகை வரட்டும் கண்ணு, அது தப்பில்லை. ஃபார்வர்ட் ஆடத்தான் மனசு சொல்கிறது என்றால் கோச்சிடம் நேராகக் கேள், ஒரு ஆட்டமாவது முன்னால் விட்டுப் பார்க்கச் சொல். அதற்கு முன்னால் எனக்காக ஒரு வேலை செய். 2015 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடிய ஆட்டம் ஏதாவது ஒன்றின் வீடியோ கிடைத்தால் முதல் பாதியை மட்டும் பார். பந்து எங்கே போனாலும் போகட்டும், நீ பெக்கியின் 4-ஆம் எண் ஜெர்சியை மட்டும் பார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், பக்கத்தில் நிற்பவருக்குக் கையால் என்ன காட்டுகிறார், எப்போது இரண்டடி முன்னால் வருகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள். எழுதியதை எனக்கு அனுப்பு.