ஆள் வருமுன் வரும் இசை

கேள்வி: மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் கச்சேரி வீடியோக்களில், குழுவினர் வருவதற்கு முன்பே ஏதோ பழைய சினிமா இசையைப் போடுகிறார்கள், கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அது என்ன இசை? ஏன் எப்போதும் அதே? - கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இத்தாலிய சினிமா இசையமைப்பாளர் எனியோ மோரிக்கோனேவின் 'தி எக்ஸ்டசி ஆஃப் கோல்ட்'. 1966இல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தில், தங்கம் புதைத்த கல்லறையைத் தேடி டூக்கோ என்பவன் மூச்சிரைக்க ஓடுவானே, அப்போது வருவது. 1983இலிருந்து மெட்டாலிகா இதைப் போடுகிறது. யோசனை சொன்னவர் அன்றைய மேனேஜர் ஜான் ஸாஸுலா.

ஏன் இதுவே என்பதற்கு, விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் பியானோ சுற்றிச் சுற்றி ஓடும், அப்புறம் பாடகி எட்டா டெல்லோர்சோவின் குரல் எழும், அதில் ஒரு சொல்கூடக் கிடையாது, அதனால்தான் எந்த நாட்டுக் கூட்டமும் கூடவே பாட முடிகிறது. மணி, டிரம்பெட் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உச்சிக்குப் போகும்போது சட்டென்று நின்றுவிடும். படத்தில் அவனுக்குக் கல்லறை கிடைத்துவிட்டது, சரி. ஆனால் மைதானத்தில் நிற்பவனுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, இருட்டில் தொண்டை கட்டக் கத்திக்கொண்டு நிற்கிறான், அந்த நேரம் பார்த்து முதல் கிட்டார் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்! தினம் வேறு வேறு இசை போட்டால் இது நடக்காது. கோயில் மணி மாதிரி, பழகிய சத்தம் என்பதால்தான் முதல் நொடியிலேயே உடம்பு சிலிர்க்கிறது.

இந்த வழக்கம் மெட்டாலிகாவுக்கு முன்பே உண்டு. 70களில் எல்விஸ் பிரெஸ்லி மேடையேறியது ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ஜரதுஸ்த்ரா' இசைக்குத்தான். யெஸ் என்ற ராக் குழு ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' முடிவுப் பகுதியைப் போட்டது. அயர்ன் மெய்டன் குழுவின் ரசிகர்களைக் கேளுங்கள், யூஎஃப்ஓ குழுவின் 'டாக்டர் டாக்டர்' பாட்டு ஸ்பீக்கரில் கேட்டதுமே பேச்சை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்றையும் அவசியம் கேளுங்கள். 1999 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த மெட்டாலிகா கச்சேரியில், ரெக்கார்டு போடாமல், மைக்கேல் கேமன் நடத்த சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி இசைக்குழுவே மோரிக்கோனேவை நேரில் வாசித்தது. அன்று கூட்டமும் சேர்ந்து பாடியது, 'எஸ் அண்ட் எம்' (S&M) என்ற அந்தக் கச்சேரி ஆல்பத்தில் கேட்கும்.