கராத்தே வகுப்பில் பேண்ட் நாடா அடிக்கடி அவிழ்கிறது, என்ன செய்வது?

உதைக்கும்போதெல்லாம் பேண்ட் இறங்குகிறது, ஊக்கு குத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். திறந்துகொண்டால் குத்துவது உங்களை மட்டுமல்ல, எதிரில் நிற்பவரையும்தான். உங்களுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும், தொப்பையும் கொஞ்சம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பையன்கள் இதற்கெல்லாம் கேள்வி கேட்க மாட்டார்கள், இழுத்து விட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

நான் முப்பத்தொன்பது வயதில் மகனைக் கொண்டுவிடப் போய், "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் வாங்க சார்" என்று மாஸ்டர் கூப்பிட்டதால் சேர்ந்தவன். மஞ்சள் பெல்ட் தேர்வு. எனக்கு இரண்டு பக்கமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். மே கெரி, அதாவது முன்னுதை, பத்து எண்ண வேண்டும். ஏழாவதில் நாடா போய்விட்டது. மேல்சட்டை தொடைவரை தொங்கியதால் மானம் முழுதாகப் போகவில்லை. ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டே மீதி மூன்றையும் உதைத்தேன். "அங்கிள், கை கீழ இருக்கு" என்று பக்கத்துச் சிறுமி எச்சரித்தாள். என் மகன் எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அம்மா நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "விலாங்கு மாதிரி வழுக்குது, இது எங்கடா நிக்கும்?" என்றார். பாலியஸ்டர் நாடா. அதை உருவிப் போட்டுவிட்டு, பாவாடைக்கு வைத்திருந்த பருத்தி நாடாவை ஊக்கில் கோத்து ஏற்றினார் (ஊக்குக்கு அதுதான் வேலை). பின்பக்கம் நடுவில் நாலு தையல் போட்டார். இப்போது ஒரு முனை உள்ளே ஓடி ஒளிவதில்லை. அப்புறம் முடிச்சு. நான் இரண்டு முறையும் வலதை இடதின்மேல் போட்டுக் கட்டிவந்தேன். அது அசைய அசைய நழுவும். முதலில் வலது மேலே என்றால் அடுத்தது இடது மேலே வர வேண்டும். சரியாகக் கட்டினால் சுருக்கின் இரண்டு காதுகளும் இடுப்போடு படுத்திருக்கும். தப்பாகக் கட்டினால் ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். அந்தக் காதுகளையே இன்னொரு முறை முடிந்துவிடுங்கள். முன்பக்கம் துணி வளையம் இருந்தால் நாடாவை அதற்குள் விட்டுக் கட்டுங்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

பெல்ட்டை இறுக்கினால் போதாதா என்று ஒருவர் வருவார். பெல்ட் மேல்சட்டைக்கு மேலே இருக்கிறது, பேண்ட் அதற்கு அடியில் தன் பாட்டுக்கு இறங்கும். எலாஸ்டிக் இருக்கிறதே என்று இன்னொருவர் சொல்வார். இருக்கிறது, வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைக்காதவரை. இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துக்கொள்வதும் உதவாது. போட்டி விதிப்படி பேண்ட் முழங்காலுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்காவது மூட வேண்டும். நான் நிபுணன் இல்லை, இன்னும் பச்சை பெல்ட்தான். பிளாக் பெல்ட்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முடிச்சு நின்றும் பேண்ட் இறங்கினால் அளவுதான் கோளாறு. உட்காரும் இடத்தில் துணி போதாவிட்டால் காலைத் தூக்கும்போது இடுப்பைக் கீழே இழுக்கும். இந்த உடைகளுக்கு உயரத்தை வைத்து எண் போடுகிறார்கள். 4 என்றால் சுமார் 170 செ.மீ., 5 என்றால் 180. தொப்பைக்குத் தனி எண் கிடையாது. என் உயரம் 172. ஒரு எண் பெரிதாக வாங்கி, காலின் நீளத்தைத் தையல்காரரிடம் குறைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பில் உடையை மாஸ்டரிடம்தான் வாங்க வேண்டும், கடைவிலையைப் போல ஒன்றரை மடங்கு. மாற்றித் தர மாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்குக் கட்டணம், புது பெல்ட்டுக்குக் கட்டணம், சான்றிதழுக்குத் தனி. அந்த மஞ்சள் பெல்ட்டில் தேறிவிட்டேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சான்றிதழில் அப்பா பெயரின் இடத்தில் என் மகன் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். திருத்த நூறு ரூபாயாம்.