பவர்கிளைடுக்குப் பதிலாக எந்த கியர்பாக்ஸ்?

கேள்வி: என்னிடம் 1966 ஷெவர்லே ஷெவெல் இருக்கிறது. 283 வி8 எஞ்சின், பவர்கிளைட் என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இப்போது கியர் நழுவுகிறது. கியர்பாக்ஸ் விற்பவர், ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கியர்) உள்ள 700ஆர்4 மாட்டச் சொல்கிறார். டர்போ 350 போதும் என்கிறார் நண்பர். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறேன். எதை வாங்குவது?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். குட்டை வால்பகுதி உள்ள டர்போ 350-உம் உங்கள் பவர்கிளைடும் கிட்டத்தட்ட ஒரே நீளம். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டாம், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ் மெம்பரை நகர்த்த வேண்டாம். மூன்று கியர் கிடைக்கும். முதல் கியரின் விகிதம் 2.52, அதனால் வண்டி கிளம்பும்போதே வித்தியாசம் தெரியும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கியரைக் கீழே இறக்கும் கிக்டவுன் கேபிள், எஞ்சினிலிருந்து வரும் வேக்குவம் குழாய், ஷிஃப்டரில் ஒரு நிலை கூடுதல், அவ்வளவுதான்.

700ஆர்4 மோசமானதல்ல. நாள்தோறும் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு அதுதான் சரி. நான்காவது கியர் 0.70 என்பதால், மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சின் அதே வேகத்தில் 2100-க்கு இறங்கிவிடும். ஆனால் அதில் த்ராட்டில் வால்வு கேபிள் என்று ஒன்று இருக்கிறது. கிக்டவுன் கேபிள் மாதிரிதான் தெரியும், வேலை வேறு. நீங்கள் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப உள்ளே ஆயில் அழுத்தத்தை ஏற்றுவது இந்தக் கேபிள்தான். இது தளர்ந்திருந்தால் அழுத்தம் ஏறாது, கிளட்ச் தட்டுகள் நழுவிக் கருகிவிடும். பழைய கார்புரேட்டரின் லிவர் இதற்காகச் செய்ததல்ல. இழுக்கும் தூரமும் கோணமும் சரியாக வரத் தனி பிராக்கெட் வேண்டும். கேபிளைச் சரிபார்க்காமல் ‘ஒரு ரவுண்டு போய் வரலாம்’ என்று யாராவது சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். புது கியர்பாக்ஸ் கருக அந்த ஒரு ரவுண்டே போதும்.

அப்புறம், ‘ரீபில்ட்’ என்ற சொல். இதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கழற்றிப் போட்ட கியர்பாக்ஸைக் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, அடியில் புது கேஸ்கெட் போட்டால் அதுவும் ரீபில்டாம். தட்டிக் கேட்க ஆளில்லை. கிளட்ச், பேண்ட், சீல், புஷ், டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) என்று எதையெல்லாம் மாற்றினார்கள் என எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ‘எல்லாம் ஜிஎம் தானே, பொருந்தும்’ என்பதையும் நம்பாதீர்கள். ஜிஎம், அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிராண்டுகளான பியூக், ஓல்ட்ஸ்மொபில், போன்டியாக் எஞ்சின்களுக்கான டர்போ 350-இன் போல்ட் துளைகள் உங்கள் எஞ்சினோடு சேராது.

மாட்டும்போது இரண்டு வேலைகளை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவுவது. பழைய கியர்பாக்ஸின் உலோகத் துகள்கள் அங்கேதான் தங்கியிருக்கும். இரண்டாவது, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்தபின், டார்க் கன்வெர்ட்டருக்கும் எஞ்சினின் பின்முனையில் உள்ள ஃபிளெக்ஸ் பிளேட் என்ற தகட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது. இடைவெளியே இல்லாவிட்டால் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பில் முழுதாக உட்காரவில்லை. போல்ட்டை முறுக்கி இழுத்து மூடினால் பம்ப் உடையும்.

பழைய பவர்கிளைடைத் தங்களுக்குத் தரும்படி கியர்பாக்ஸ் விற்பவர்கள் முன்கூட்டியே கேட்பார்கள். புதியது சூட்டிலும் குளிரிலும் ஒழுங்காக ஓடும்வரை கொடுக்காதீர்கள். அது காரோடு வந்த அசல் கியர்பாக்ஸாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம், துடைத்து மூடி வையுங்கள்.